சின்னக் குழந்தைகளின் வகுப்பறை: விதிகள், வழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளோடு நாள் முழுவதும் ஒரே அறையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கேள்விகளில் பாதி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவை. மீதி, என் முதல் வருடத்தில் யாரிடமாவது கேட்கலாமா என்று நினைத்து, 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்காமலே விட்டவை.

விதி, வழக்கம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. விதி நாள் முழுவதும் நடப்பில் இருக்கும். 'யாரையும் அடிக்கக் கூடாது' என்பது பாட வேளைக்கும் பொருந்தும், விளையாட்டு வேளைக்கும் பொருந்தும். வழக்கம் என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைத் தினமும் ஒரே மாதிரி செய்வது. உள்ளே வந்ததும் பையை மாட்டுவது, தண்ணீர் பாட்டிலை அலமாரியில் வைப்பது, பாயில் தன் இடத்தில் போய் உட்காருவது, இப்படி.

விதி தலைக்குத் தெரிந்தால் போதும். வழக்கம் கை காலுக்குத் தெரிய வேண்டும். நம்மில் பலர் விதிக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறோம். அழகான சார்ட், வண்ண எழுத்து, லேமினேஷன் எல்லாம் உண்டு. ஆனால் அந்த சார்ட்டைப் படிக்கத் தெரியாத வயதில்தான் குழந்தைகள் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்!

1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு மழலையர் வகுப்பிலும் ஓர் இரண்டாம் வகுப்பிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விதிகளை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தபோது குழந்தைகளின் நடத்தை பெரிதாக மாறவில்லை. சரியாகச் செய்ததைக் கவனித்துச் சொல்லி, சின்னச் சின்ன மீறல்களைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் மாறியது. விதி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எழுதி ஒட்டியதோடு நம் வேலை முடிந்துவிடாது, அவ்வளவுதான்.

எத்தனை விதிகள் வைக்கலாம்? எப்படி எழுதுவது?

மூன்று. மிஞ்சிப் போனால் ஐந்து. குழந்தையால் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடிகிற அளவுக்குமேல் போனால் அது நமக்கான பட்டியல், குழந்தைக்கானது அல்ல.

எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது நல்லது. 'ஓடாதே' என்ற சொல்லில் குழந்தையின் காதில் பளிச்சென்று விழுவது 'ஓடு'தான். ஓடாமல் என்ன செய்வது என்பதை அது தானே கண்டுபிடிக்க வேண்டும். 'உள்ளே நடந்து போகலாம்' என்றால் அந்த வேலை மிச்சம். அதேபோல 'நல்ல பிள்ளையாக இரு', 'மரியாதையாக நடந்துகொள்' என்பவை விதிகளே அல்ல. நான்கு வயதுக் குழந்தைக்கு மரியாதை என்றால் என்ன, கண்ணால் பார்க்க முடியுமா? 'ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்' என்பதைப் பார்க்க முடியும். நடந்ததா இல்லையா என்று குழந்தையே சொல்லிவிடும்.

ஒரே ஒரு இடத்தில் 'கூடாது' தேவை என்பது என் கருத்து. அடிப்பது, கடிப்பது, தள்ளுவது. அங்கே சுற்றி வளைத்துப் பேச வேண்டாம்.

விதிகளைக் குழந்தைகளே உருவாக்கட்டும் என்கிறார்களே?

செய்து பாருங்கள், நன்றாகவே பொழுது போகும். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கேட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் முப்பது விதி வரும். எல்லாம் முந்தின நாள் நடந்த சண்டையிலிருந்து. 'என் பென்சிலைக் கடிக்கக் கூடாது.' 'பாட்டிலால் தலையில் அடிக்கக் கூடாது.' 'அக்கா டிராயிங்ல கிறுக்கக் கூடாது.' தண்டனையும் கூடவே சொல்வார்கள், நாம் கற்பனைகூடச் செய்யாத அளவுக்குக் கடுமையாக.

நான் அவர்களிடம் விதியைக் கேட்பதில்லை, காரணத்தைக் கேட்கிறேன். 'எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்?' என்று கேட்டு, உண்மையிலேயே எல்லாரையும் ஒரே நேரத்தில் பேச வைத்து, பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் விதி தானாக வந்து விழும். வாசகத்தை நான் முன்பே முடிவு செய்திருப்பேன். இதில் கொஞ்சம் ஏமாற்று வேலை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வழக்கத்தை எப்படிச் சொல்லித் தருவது? நூறு தடவை சொல்லியும் செய்வதில்லை.

நூறு தடவை சொன்னதுதான் சிக்கல். வழக்கத்தைச் சொல்லித் தர முடியாது, செய்து காட்டிப் பழக்க வேண்டும்.

கத்தரிக்கோலை எடுத்து வருவதை எடுத்துக்கொள்வோம். முதலில் நான் ஒன்றும் பேசாமல் செய்து காட்டுவேன். அலமாரிக்குப் போய், மூடிய கத்தரிக்கோலின் கூர்ப்பக்கத்தை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, மெதுவாக நடந்து வந்து, மேசையில் வைப்பேன். பேசாமல் செய்வது முக்கியம். பேசினால் அவர்கள் என் வாயைப் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். பிறகு 'என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்பேன். நடந்தீங்க, மூடிப் பிடிச்சீங்க, யாரையும் இடிக்கலை என்று ஒவ்வொன்றாக வரும். யாரும் கவனிக்காத படி ஒன்று இருந்தால் மறுபடி செய்து காட்டுவேன்.

அப்புறம் தப்பாகச் செய்து காட்டுவேன். கத்தரிக்கோலைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வருவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், 'தப்பு, தப்பு' என்று கத்துவார்கள். தவறு என்ன என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. தப்பான முறையைக் குழந்தைகளைச் செய்ய விடாதீர்கள். ஒருமுறை விட்டேன். பிரமாதமாகச் செய்தார்கள், ஒரு வாரம் வரைக்கும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு ஒரு குழந்தை செய்யும், மற்றவர்கள் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். அன்றைக்கே கத்தரிக்கோலால் எதையும் வெட்ட மாட்டோம், எடுத்து வந்து திருப்பி வைப்பதுதான் முழுப் பாடமும். மறுநாள் மறுபடி. மூன்றாம் நாள்தான் காகிதம் தருவேன்.

இன்னொன்று. நமக்கு ஒரே செயலாகத் தெரிவது குழந்தைக்கு நான்கைந்து செயல். 'பையை மாட்டிவிட்டு வா' என்பதில் ஜிப்பைத் திறப்பது, பாட்டிலை எடுப்பது, ஜிப்பை மூடுவது, தன் கொக்கி எது என்று தேடுவது, மாட்டுவது, திரும்பி வருவது என எல்லாம் அடங்கியிருக்கிறது. இடையில் நண்பன் புது ஷூ போட்டு வந்திருந்தால் முதல் படியோடு நின்றுவிடும். ஆகவே ஒரே மூச்சில் இரண்டு கட்டளைக்கு மேல் கொடுக்காதீர்கள். நீளமான வழக்கம் என்றால் படிகளைப் படமாக வரைந்து, வேலை நடக்கிற இடத்திலேயே, குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். கை கழுவும் படம் குழாய் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், கரும்பலகைக்கு மேலே அல்ல.

இதற்கே இரண்டு வாரம் போனால் பாடம் எப்போது நடத்துவது?

போகட்டும். முதல் இரண்டு வாரத்தில் வழக்கங்களுக்குச் செலவழிக்காத நேரத்தை வருடம் முழுக்கச் சில்லறை சில்லறையாகக் கொடுத்துக்கொண்டே இருப்போம். ஒரு சின்னக் கணக்கு: ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் வீணாகிறது, நாளைக்கு 8 முறை மாறுகிறோம் என்றால் தினமும் 40 நிமிடம். ஒரு முழு பாட வேளை போய்விட்டது. மேலிடத்தில் கேள்வி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எனக்கு ஒருமுறை உதவியது.

நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் பாதி மறந்திருக்கும். முதலிலிருந்து இரண்டு நாள் பழக்கினால் திரும்பி வந்துவிடும்.

பாடம் நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். முடிந்ததும்தான் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஏன்?

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். வகுப்பறையின் பெரும்பாலான அடிதடி பாடத்துக்குள் நடப்பதில்லை, இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நடக்கிறது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், வகுப்பை நன்றாக நடத்துகிறவர்களுக்கும் தடுமாறுகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பல வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டார். குறும்பு செய்த பிறகு கண்டிக்கிற விதத்தில்தான் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. குறும்பு தொடங்குவதற்கு முன்பு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருந்தது. நல்ல ஆசிரியர்களுக்கு முதுகிலும் கண் இருப்பதாகக் குழந்தைகள் நம்பினார்கள். சரியான ஆளை, விஷயம் பெரிதாவதற்குள் பார்த்தார்கள். இன்னொன்று, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு வகுப்பை இழுபறி இல்லாமல் நகர்த்தினார்கள்.

அவர் கவனித்த ஒரு தவறை நான் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். 'கணக்கு நோட்டை மூடி வையுங்கள், கதைப் புத்தகத்தை எடுங்கள்' என்போம். பாதிப் பேர் எடுத்திருப்பார்கள். திடீரென்று நமக்கு ஞாபகம் வரும்: 'ஆமாம், கணக்கு எல்லாம் சரியாகப் போட்டது யார் யார்?' அவ்வளவுதான். நோட்டை மறுபடி திறப்பவர், கையைத் தூக்குபவர், புத்தகத்தோடு விழிப்பவர் என்று வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும். மூடியதை மூடியதாகவே விடுங்கள். மறந்தது நாளைக்குப் போகட்டும்.

இடைவெளியைச் சமாளிக்க நான் பார்ப்பது மூன்று. முதலாவது, முடிவு திடீரென்று வரக் கூடாது. ஆழ்ந்து விளையாடும் குழந்தையிடம் 'எல்லாத்தையும் எடுத்து வை' என்றால் அது அழத்தான் செய்யும், நாமும் அப்படித்தான். மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்து, மணல் தீர்ந்ததும் எடுத்து வைக்கலாம் என்கிறேன். 'ஐந்து நிமிஷம்' என்பது நான்கு வயதுக்குப் புரியாது. மணல் விழுவது புரியும்.

இரண்டாவது, எல்லாரும் ஒரே நேரத்தில் எழக் கூடாது. முப்பது பேர் ஒரே அலமாரிக்குப் பாய்ந்தால் யார் குணசாலியாக இருந்தாலும் இடிபடும். 'பெயர் க-வில் தொடங்குகிறவர்கள் போகலாம், இப்போது ம-வில் தொடங்குகிறவர்கள்' என்று அனுப்புங்கள். எழுத்துப் பாடமும் ஓசியில் நடக்கும்.

மூன்றாவது, போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை காத்திருக்க வேண்டும். முதலில் வந்தவர் கடைசி ஆள் வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் தலைமுடியில்தான் கை போகும். புரட்ட ஒரு புத்தகம், எல்லாரும் சேரும் வரை பாட ஒரு பாட்டு, எதுவானாலும் சரி. லைனில் நிற்க வைத்துக் காக்க வைப்பதை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள்.

சத்தம் அதிகமானால் எப்படி அடக்குவது? கத்திக் கத்தித் தொண்டை போகிறது.

நாம் கத்தினால் சத்தத்தின் அளவு ஒரு படி ஏறும். அவர்கள் அதற்கு மேலே பேசுவார்கள். குரலல்லாத ஓர் அடையாளம் வேண்டும். சிறு மணி, தாளக் கைதட்டல், தூக்கிய கை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றே ஒன்று.

என் வகுப்பில் மணி. ஒரு முறை அடித்துவிட்டுக் கையைத் தூக்கி, வாய் திறக்காமல் விரல்களால் ஐந்து வரை எண்ணுவேன். அதற்குள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் இதை விளையாட்டாக நாளைக்குப் பத்து முறை பழகுவோம், வகுப்பு அமைதியாக இருக்கும்போதும்.

இதில் ஆசிரியர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான். பாதிப் பேர் அமைதியானதும் பேச ஆரம்பித்துவிடுகிறோம். மீதிப் பாதிக்கு, 'மணி அடித்தாலும் பேசலாம்' என்பது அன்றைக்கே பாடமாகிவிடும். கடைசிக் குழந்தை திரும்பும் வரை வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பத்து வினாடி பத்து நிமிடம் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாள் முழுக்கக் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருக்கும் மழலையர் வகுப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கட்டைகளை அடுக்கும்போது சத்தம் வரத்தான் வரும்.

கேள்வி கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

நாம் அவசரப்படுத்துவதும் ஒரு காரணம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கண்டது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசினார்கள். கேள்வி கேட்டதும் விரலை உதட்டில் வைத்து மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லச் சொன்னால், கத்த வேண்டிய அவசரம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு பையன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகிறான். 'உட்கார், உட்கார்' என்று சொல்லிச் சலித்துவிட்டது.

முதலில் சொன்ன மேட்சன் குழுவினர் அதே 1968இல் இன்னொரு சோதனையையும் வெளியிட்டார்கள். ஆசிரியர்களை அடிக்கடி 'உட்கார்' என்று சொல்ல வைத்தார்கள். எழுந்து நிற்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது! சொன்ன கணத்தில் உட்கார்ந்தார்கள் என்பதால் ஆசிரியருக்குப் பலன் கிடைத்தது போலவே தோன்றியிருக்கும். அடுத்த நிமிடம் மறுபடி எழுந்தார்கள், ஏனென்றால் எழுந்தால் டீச்சர் பார்க்கிறார். உட்கார்ந்திருந்தபோது யார் பார்த்தார்கள்?

ஆகவே உட்கார்ந்திருக்கும்போது அருகில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 'சூப்பர்', 'வெரி குட்' வேண்டாம், பார்த்ததை மட்டும்: 'இரண்டு வரி எழுதிவிட்டாயே.' எழுந்தால், ஆபத்து இல்லாத வரை, பேசாமல் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஏன் எழுகிறான் என்று பாருங்கள். வேலை கடினமா, சீக்கிரம் முடித்துவிட்டானா, கரும்பலகை சரியாகத் தெரியவில்லையா, சிறுநீர் வருகிறதா? கண் சரியாகத் தெரியாத, காது சரியாகக் கேட்காத எத்தனையோ குழந்தைகளுக்கு 'சொன்ன பேச்சு கேட்காதது' என்று பெயர் வைத்திருக்கிறோம். பல வாரமாக எதுவும் மாறவில்லை என்றால் பெற்றோரிடம் பேசி, மருத்துவரிடமோ சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ காட்டச் சொல்லலாம். நோயின் பெயரை நாமே சூட்ட வேண்டாம்.

சிலருக்கு அசைவு தேவை. அவ்வளவுதான். நோட்டு விநியோகிப்பது, பலகை துடைப்பது என்று எழுந்து நடக்கிற வேலையையே அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். நின்றுகொண்டு எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

ஸ்டார், ஸ்டிக்கர் கொடுக்கலாமா?

இதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைந்தது மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். மற்ற இரண்டு குழுக்களின் ஆர்வம் குறையவில்லை.

எனவே குழந்தைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பிடிக்காத, புதிய, கடினமான ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாள் பயன்படுத்தலாம், பிறகு சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். சுவரில் பெயர் வாரியாக ஸ்டார் ஒட்டுவதை மட்டும் நான் செய்வதே இல்லை. ஒரு ஸ்டாரும் இல்லாத அந்த ஒரு பெயரை, குழந்தைகள் மட்டுமல்ல, கூட்டிப்போக வரும் எல்லாப் பெற்றோரும் பார்க்கிறார்கள்.

'மிஸ், இவன் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான்.' நாள் முழுக்கப் புகார்.

நியாயம் எது என்று அந்த வயதில்தான் புரிய ஆரம்பிக்கிறது, அதனால் வருகிற புகார்கள் இவை. விதியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நம்மிடம் சரிபார்க்கிறார்கள். பெரும்பாலும் 'ஆமாம், அப்படிச் செய்யக் கூடாதுதான்' என்ற ஒரு வரி போதும். திருப்தியோடு போய்விடுவார்கள்.

'அவனிடம் நீ என்ன சொன்னாய்?' என்று கேட்பதும் உதவும். 'எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்து' என்ற வாக்கியத்தை எல்லாருக்கும் கையை நீட்டிச் சொல்லிப் பழக்குங்கள். ஆனால் 'சும்மா கோள் சொல்லாதே' என்று மட்டும் துரத்தாதீர்கள். யாருக்காவது அடிபட்டாலோ, பயமாக இருந்தாலோ, யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றாலோ உடனே வந்து சொல்ல வேண்டியதும் அதே வாய்தான். சின்னதைச் சொல்லித் திட்டு வாங்கிய குழந்தை பெரியதைச் சொல்லாது.

விதியை மீறினால் என்ன செய்வது? அடிக்காமல் முடியுமா?

முடியும், முடிய வேண்டும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. 'அடியாத மாடு படியாது' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மாட்டைப் பற்றிக்கூட அது சரியா என்று எனக்குச் சந்தேகம்.

விளைவு என்பது செய்ததோடு ஒட்டியதாக, உடனே, சின்னதாக இருந்தால் போதும். தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்துத் துடைப்பது. கட்டையை எறிந்தால் இன்றைக்குக் கட்டை கிடையாது, நாளைக்கு உண்டு. ஓடி வந்தால் திரும்பப் போய் நடந்து வருவது. இவற்றைச் சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். கோபத்தோடு சொன்னால் அவர்கள் மனதில் நம் முகம்தான் நிற்கும், துணி நிற்காது.

விளையாட்டு வேளையைப் பறிக்காதீர்கள். உட்கார முடியாத குழந்தைக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஒருவர் செய்ததற்கு எல்லாருக்கும் தண்டனை கொடுப்பதும் வேண்டாம். 'மன்னிப்புக் கேள்' என்று வற்புறுத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த வயதில் 'சாரி' என்பது தப்பிக்கிற மந்திரமாகிவிடுகிறது. அடித்தவன் போய், அழுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் அது மேல்.

வெறி பிடித்த மாதிரி அழும் நேரத்தில் விளக்கம் எதுவும் ஏறாது. ஒரு மூலையில் தலையணை, இரண்டு புத்தகம் போட்டு வைத்து, 'அங்கே கொஞ்சம் இருந்துவிட்டு வா, நானும் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்லலாம். அதைத் தண்டனை மூலையாக்கி 'போய் அங்கே நில்' என்று சொன்னீர்களானால், அன்றோடு அந்த மூலையின் பயன் போய்விடும்.

ஒரு குழந்தைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா?

கேட்பார்கள். 'அவளுக்குக் கண்ணாடி எதற்கு? பார்ப்பதற்கு. எல்லாருக்கும் கண்ணாடி போட்டுவிடலாமா?' என்றால் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் இது புரிவது சிரமம்.

சுவர் முழுக்க சார்ட் ஒட்டியிருக்கிறேன். நல்லதுதானே?

கொஞ்சம் கழற்றிவிடுங்கள். ஃபிஷர், காட்வின், செல்ட்மன் 2014இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், 24 மழலையர் வகுப்புக் குழந்தைகள் படங்கள் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் பாடம் கேட்டார்கள். படங்கள் நிறைந்த அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 சதவீதம், வெறுமையான அறையில் 28.4 சதவீதம். மொட்டைச் சுவராக்கச் சொல்லவில்லை. பாடம் கேட்கும்போது அவர்கள் பார்க்கிற சுவரையாவது அமைதியாக விடலாம். குழந்தைகள் வரைந்தவற்றைப் பின்சுவரில் ஒட்டுங்கள்.

காலையில் ஒரு குழந்தை தினமும் அழுகிறது. அது அடங்குவதற்குள் மொத்த வகுப்பும் கலைந்துவிடுகிறது.

விடைபெறுவதையும் ஒரு வழக்கமாக்குங்கள். வாசலில் ஒரு முத்தம், ஒரு டாட்டா, பிறகு பெற்றோர் கிளம்பிவிட வேண்டும். சொல்லாமல் நழுவுவது தப்பு, அரைமணி நேரம் ஜன்னலில் நிற்பதும் தப்பு. உள்ளே வந்த குழந்தைக்குக் கையில் உடனே ஒரு வேலை: மணியை மேசையில் எடுத்து வைப்பது, தேதிப் பலகையைத் திருப்புவது. மற்றவர்களுக்கு அந்த முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் தேவைப்படாத வேலையை மேசையில் முன்பே பரப்பி வைத்திருங்கள். அழுகிறவரோடு உட்கார உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

நாற்பது பேர், உதவியாளர் இல்லை. இதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாம் நடக்காது. இரண்டு வழக்கங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மணி அடித்ததும் நிற்பது, குழுக் குழுவாக எழுவது. மற்றவை பிறகு வரட்டும். வேலைகளையும் பிரித்துக் கொடுங்கள். நாற்பது பேர் இருந்தால் எண்பது கை இருக்கிறதே. கதவு திறக்க ஒருவர், நோட்டு எடுக்க நால்வர், குப்பை பார்க்க இருவர், வாரம் ஒருமுறை மாற்றலாம். முதலில் இன்னும் தாமதமாகும். 'நானே செய்துவிட்டால் சட்டென்று முடிந்துவிடும்' என்ற எண்ணத்தை மட்டும் இரண்டு மாதம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான் லீவ் போட்டால் எல்லாம் பாழாகிவிடுமே?

நானும் அப்படித்தான் பயந்தேன். காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை. ஒரு தாளில் நாளின் வரிசை, மணி, யார் யாருக்கு என்ன கவனம் வேண்டும் என்று எழுதி மேசையில் வைப்பது என் பழக்கம். அந்தத் தாள் அன்றைக்கு எங்கேயோ போய்விட்டது. எனக்குப் பதிலாக வந்தவர், நான் திரும்பி வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் நாள் சத்தம் தாங்காமல் மணியை எடுத்து அடித்துவிட்டு உடனே பேச ஆரம்பித்தாராம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, 'மிஸ், இப்பவே பேசக் கூடாது. முதல்ல அஞ்சு எண்ணணும்' என்றதாம்.